கிளட்ச் ஏன் தேய்கிறது, மாற்ற ஏன் இவ்வளவு செலவாகிறது

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப். தூக்கி நிறுத்திய வேனுக்கு அடியிலிருந்து வந்த மெக்கானிக், கழற்றிய கிளட்ச் பிளேட்டை என் கையில் கொடுத்தார். சின்னச் சாப்பாட்டுத் தட்டு அளவு, குறுக்கே 20, 22 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருக்கவேண்டிய வளையம் கறுத்துப்போய், எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி மின்னியது. நகத்தால் தடவிப் பார்த்தேன், அந்த வளையத்தைத் தட்டோடு பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை தட்டுப்பட்டது. பக்கத்தில் புது பிளேட்டை வைத்துக் காட்டினார். அதில் ரிவெட்டுகள் பள்ளத்துக்குள் அமிழ்ந்திருந்தன. அந்தப் பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஒரு கிளட்சின் மொத்த ஆயுளும் அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கிறது.

வேன் என் அக்கா மகனுடையது. வீட்டில் சமைத்து ஆர்டருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன வியாபாரம். அதற்காகப் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கிளாஸ் 3 உரிமம் எடுத்தபிறகு அவன் சொந்தமாக ஓட்டும் முதல் மேனுவல் வண்டி அதுதான். "மாமா, எட்டு மாசத்துல நானா இதை இப்படித் தேய்ச்சேன்?" என்று கேட்டபோது அவன் முகம் வாடியிருந்தது. பணம் போகிறதே என்பதைவிட, தனக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லையோ என்ற கவலைதான் அதில் அதிகம் தெரிந்தது. அன்று காப்பிக்கடையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் ஊரில் சொந்தக் கார்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் ஆகிவிட்டன, ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான கிளாஸ் 3ஏ உரிமம் எடுத்தவர்கள் மேனுவல் வண்டியைத் தொடவே முடியாது. ஆனாலும் வேன், லாரி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும், பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கும் கிளட்ச் இன்னும் தினப்படி விஷயம்தான்.

முதலில் கிளட்ச் எதற்கு என்று பார்த்துவிடலாம். எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றும், அதற்குக் கீழே போனால் அணைந்துவிடும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினோடு படக்கென்று இணைத்தால் ஒன்று வண்டி எகிறிக் குதிக்கும் இல்லை எஞ்சின் அணையும். மெதுவாக, வழுக்கி வழுக்கி இணைக்க ஒரு பொருள் வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் கிளட்ச்.

உள்ளே மூன்று பொருள்கள். எஞ்சினோடு சேர்த்து முடுக்கிய கனமான இரும்புச் சக்கரம், அது ஃப்ளைவீல். கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பது கிளட்ச் பிளேட், நான் கையில் வைத்திருந்த தட்டு. அந்தத் தட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அமுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட், அதில் இதழ் இதழாக வெட்டிய வட்டமான ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அழுத்தம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் தலைகீழாக நினைத்துக்கொள்வது ஒன்று உண்டு: பெடலை மிதித்தால் கிளட்ச் பிடிக்கிறது என்று. அப்படி இல்லை. பெடலை விட்டிருக்கும்போதுதான் ஸ்பிரிங் தட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற ஒரு வளையம் அந்த ஸ்பிரிங்கின் இதழ்களை அமுக்கி, பிடியைத் தளர்த்துகிறது. காலை எடுத்தால் பிடி, வைத்தால் விடுதலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே தானாகப் புரியும்.

இப்போது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நன்றாக அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தினாலும், கை நகராதவரை சூடு வராது. கொஞ்சம் தளர்த்தி ஒன்றின்மேல் ஒன்றைத் தேயுங்கள், உடனே சுடும். கிளட்சுக்கும் அதே கதைதான். பெடலை முழுதாக விட்டு விரைவுச்சாலையில் 90ல் போய்க்கொண்டிருக்கும்போது பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒரே வேகத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றுகின்றன, தேய்மானம் கிடையாது. பெடலை முழுதாக மிதித்திருக்கும்போது இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை, அப்போதும் பிளேட்டுக்குத் தேய்மானம் கிடையாது. நடுவில் பாதி மிதித்து பாதி விட்டிருக்கிறோமே, பயிற்சி நிலையத்தில் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்தச் சில நொடிகள்தான் தேய்க்கின்றன. அதனால் "கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்ற கேள்விக்கு நேர்ப் பதிலே கிடையாது. கிலோமீட்டர் கிளட்சைத் தேய்ப்பதில்லை, வழுக்கும் நொடிகள்தான் தேய்க்கின்றன. சாங்கி பக்கமிருந்து துவாஸ் வரை தினமும் ஒரே ஓட்டமாகப் போகும் வண்டியின் கிளட்ச் 200,000 கிலோமீட்டர் தாண்டியும் நன்றாக இருக்கலாம். ஒரு பேட்டைக்குள்ளேயே புளோக் புளோக்காக நின்று நின்று சாப்பாடு இறக்கும் வண்டியில் அதே கிளட்ச் 60,000ல் முடிந்துபோகலாம். இரண்டு ஓட்டுநரும் திறமைசாலிகளாகவே இருக்கலாம்.

சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரிகிறது, எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். சரக்கோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வேன். நின்ற இடத்திலிருந்து எஞ்சினை 1,500 சுற்றில் வைத்துக் கிளட்சை விட்டுக் கிளப்புகிறோம், முதல் கியரில் அந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வரும். எஞ்சின் சுற்று மாறாமல் இருந்தால், வண்டி பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாகப் போகிறது. இங்கே அது சுமார் 8 கிலோஜூல். இதே வண்டியை 3,000 சுற்றுக்கு ஏற்றிவிட்டுக் கிளப்பினால் 33 கிலோஜூல். சுற்று இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. பச்சை விளக்கு விழுந்ததும் உறுமிக்கொண்டு கிளம்புபவர்களின் கிளட்ச் ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

அதைவிட மோசமானது சரிவில் கிளட்சாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவது. பலமாடி கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் முன்னால் இரண்டு வண்டி நிற்கின்றன, நீங்கள் ஹேண்ட்பிரேக் போடாமல் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் வண்டியை அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பார்க்க லாவகமாகத்தான் இருக்கும். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில், அதே 1,500 கிலோ வேனை, அதே 1,500 சுற்றில் அப்படிப் பிடித்து வைத்தால் கிளட்சில் இறங்கும் சூடு 5 கிலோவாட்டுக்குக் கிட்ட வரும். வீட்டுச் சமையலறையில் இருக்கும் மின்கெண்டி இரண்டைச் சேர்த்துப் போட்ட மாதிரி. ஒரு நிமிடம் அப்படி நின்றால், குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அந்தச் சாப்பாட்டுத் தட்டில் இறங்கியிருக்கும். ஒழுங்காகக் கிளப்பினால் ஒரு தடவைக்கு 8 கிலோஜூல் என்று பார்த்தோம் இல்லையா, அந்தக் கணக்கில் இந்த ஒரு நிமிடம் 35 தடவை வண்டியைக் கிளப்பியதற்குச் சமம்.

இதைச் சொன்னதும் அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவன் குடியிருக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் வேனுக்கு மேல்மாடியில்தான் இடம் கிடைக்கும், தினமும் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறான். டிரைவிங் டெஸ்டில் சரிவில் வண்டி பின்னால் நகர்ந்துவிடக் கூடாது என்ற பயத்திலேயே பயிற்சி எடுத்தவன். ஹாஃப் கிளட்சில் பிடித்துக் கொண்டால் பத்திரம் என்று கால் பழகிவிட்டது. அது அவன் தப்பு என்று நான் நினைக்கவில்லை. பயிற்சி வண்டியில் சரிவில் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காலால் உணரக் கற்றுக்கொடுக்கிறார்கள், அது கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம். உணர்ந்தபிறகு அங்கேயே தங்கிவிடக் கூடாது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, இரண்டு காலையும் எடுத்துவிட்டு நிற்கலாம். முன்வண்டி நகர்ந்தபிறகு முதல் கியர், கிளட்ச் பிடிக்கும் இடம், வண்டியின் மூக்கு லேசாக எழும்பும், ஹேண்ட்பிரேக்கை இறக்கு, போ. மூன்று நொடி வேலை.

நெரிசலும் இதே மாதிரிதான். வெள்ளிக்கிழமை மாலை மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் மேனுவல் காரோடு மாட்டியவர்களுக்கு இடது முழங்கால் சொல்லும். முன்வண்டி ஒரு மீட்டர் நகர்ந்தால் நாமும் ஒரு மீட்டர் நகர்வது என்று வைத்துக்கொண்டால் பாலத்தைக் கடப்பதற்குள் நூற்றுக்கணக்கான தடவை ஹாஃப் கிளட்ச். நான் செய்வது இதுதான்: முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கும் கூட இடம் விழும்வரை விடுகிறேன், அப்புறம் முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், எஞ்சின் தன்பாட்டில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டரில் இழுத்துக்கொண்டு போக விடுகிறேன். பத்துத் தடவை கிளப்ப வேண்டிய இடத்தில் இரண்டு தடவை. பக்கத்து வரிசையிலிருந்து யாராவது நுழைந்துவிடுவார்கள், நுழையட்டும். என் காரின் முதல் கிளட்ச் 140,000 கிலோமீட்டரைத் தாண்டி இன்னும் நன்றாகப் பிடிக்கிறது.

கிளட்ச் பெடலின்மேல் சும்மா காலை வைத்துக்கொண்டு ஓட்டுவது இன்னொரு பழக்கம். ஷூவின் கனம் போதும், பிரஷர் பிளேட்டின் பிடி கொஞ்சம் தளர, ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்ற. இடப்பக்கம் கால் வைக்க மேடை இருக்கிறது, அங்கே வையுங்கள். சிவப்பு விளக்கில் கியரைப் போட்டு பெடலை முழுதாக மிதித்துக்கொண்டே நிற்பவர்கள் பிளேட் தேயும் என்று பயப்பட வேண்டாம், முழுதாக மிதித்தால் பிளேட் தேயாது. ஆனால் அந்த நேரம் முழுக்க ரிலீஸ் பேரிங் பாரம் தாங்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிட விளக்கு என்றால் நியூட்ரல்தான் நல்லது. வேகத்தைக் குறைக்க பிரேக் போடாமல் கியரை இறக்கி இறக்கிக் கிளட்சைத் தொப்பென்று விடுவதும் வேண்டாம். பிரேக் பேட் மாற்ற சக்கரத்தைக் கழற்றினால் போதும், கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

சரி, கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் அறிகுறி பெரும்பாலும் மேல் கியரில்தான் வரும். நான்காவது கியரில் 50ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துகிறீர்கள், எஞ்சின் சத்தம் மட்டும் கூடுகிறது, சுற்றுமானியின் முள் 2,000லிருந்து 3,000க்குத் தாவுகிறது, வண்டியின் வேகமோ அப்படியே இருக்கிறது. அதுதான் வழுக்கல். மேல் கியரில் எஞ்சினின் முழுத் திருப்புவிசையும் கிளட்சின் பிடியைச் சோதிக்கிறது, அதனால் தேய்ந்த பிளேட் அங்கேதான் முதலில் தோற்றுப்போகும். கூடவே ஒரு வாடை வரும், எரிந்த காகிதமும் ரப்பரும் கலந்த மாதிரி, ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாள் தடுமாறி அந்த வாடை வந்துவிட்டது என்பதற்காகக் கிளட்ச் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பத்து இருபது நிமிடம் ஆறவிட்டு நிதானமாக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரணமாக ஓட்டும்போதே வாடை வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பெடல் பிடிக்கும் இடமும் சொல்லும். பல வண்டிகளில் பிளேட் தேயத் தேய அது மேலே ஏறிக்கொண்டே வரும், முன்பு பாதியில் பிடித்தது இப்போது காலை ஏறக்குறைய முழுதாக எடுத்தபிறகுதான் பிடிக்கும். பெடலின் அழுத்தத்தை ஆயில் கொண்டுபோகும் வண்டிகள் சிலவற்றில் இந்த ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் இதை மட்டும் நம்ப முடியாது. இன்னொரு சோதனை: முன்னால் யாரும் இல்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கமாகப் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்சும் சூடாகும். பழைய மேனுவல் வண்டி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு சோதனையையும் செய்தே ஆக வேண்டும். அக்கா மகன் செய்யவில்லை, 110,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, முந்தைய சொந்தக்காரர் கிளட்ச் மாற்றினாரா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் பெரும்பகுதி அவன் கைக்கு வருவதற்கு முன்பே போயிருக்கும். எட்டு மாதத்தில் அவன் தேய்த்தது மிச்சத்தைத்தான். இதைச் சொன்னபிறகுதான் அவன் காப்பியைக் குடித்தான்.

பெடல் பிரச்சினை எல்லாமே பிளேட் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். கிளட்ச் வழுக்கவில்லை, ஆனால் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது, பெடல் தளர்ந்து கீழே போய்விடுகிறது என்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்று அர்த்தம். பெடலிலிருந்து கிளட்சுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசியலாம், இல்லை ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம். பிரேக் ஆயில்தான் அதற்கும், பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே டப்பா. ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கிற வண்டி என்றால் கியர்பாக்ஸை இறக்காமலே ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் உள்ளே கிர்ரென்று சத்தம், விட்டால் நின்றுவிடுகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், பெடல் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், அப்புறம் வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

இனி பணம். அக்கா மகனுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் 680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார், என்னென்ன மாற்றுவீர்கள் என்று கேட்டால் "கிளட்ச்" என்ற ஒரே வார்த்தைதான் பதில். இன்னொருவர் 1,400 வெள்ளி சொன்னார். மூன்றாமவர் தாளில் வரி வரியாக எழுதிக் கொடுத்தார்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த கிளட்ச் செட் 380, கூலி 420, ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து வழித்து எடுக்க 80, எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் 35, கியர்பாக்ஸ் ஆயில் 45. மொத்தம் 960, அதற்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்து 1,046 வெள்ளி 40 காசு. அவரிடம்தான் கொடுத்தோம். உங்கள் வண்டிக்கு இதே விலை வரும் என்று சொல்லவில்லை. ஒரு பில் எப்படிப் பிரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் தாளில் கூலி, பொருளின் விலையைவிட அதிகமாக இருப்பதைப் பாருங்கள். கிளட்ச் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மறைந்திருக்கிறது. முன்சக்கரத்தால் ஓடும் கார் என்றால் பேட்டரியும் அதன் தட்டும் கழற்றி, இரண்டு டிரைவ் ஷாஃப்டும் உருவி, சில வண்டிகளில் அடியில் இருக்கும் சப்ஃபிரேமையும் இறக்கி, எஞ்சினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கியர்பாக்ஸை வெளியே எடுக்க வேண்டும். பின்சக்கர வேன் என்றால் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நான்கு சக்கரத்தாலும் ஓடும் வண்டி என்றால் வேலை இன்னும் கூடும். ஒரு மெக்கானிக்கின் பாதி நாள், சில சமயம் ஒரு முழு நாள் இதிலேயே போகும். பிளேட்டை மாற்றும் வேலை அரை மணி நேரம்கூட இல்லை.

அதனால்தான் திறந்தபிறகு உள்ளே இருப்பதை எல்லாம் ஒரேயடியாக மாற்றிவிடச் சொல்கிறேன். பழைய ரிலீஸ் பேரிங் நன்றாகத்தான் சுற்றுகிறது, அதை விட்டுவிடலாம், ஒரு அறுபது வெள்ளி மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து அது கத்த ஆரம்பித்தால் மறுபடி அதே 420 வெள்ளி கூலி. ஆயில் சீலும் அப்படித்தான், 35 வெள்ளிப் பொருள், அது கசிந்து ஒரு சொட்டு ஆயில் புது பிளேட்டில் பட்டால் உராய்வுப் பொருள் ஊறிப்போய் வழுக்க ஆரம்பிக்கும், துடைத்துச் சரிசெய்ய முடியாது. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் வண்டிகளில் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். செட் வாங்கும்போது எக்ஸெடி, ஐசின், வாலியோ, லுக், சாக்ஸ் மாதிரி புதுக் கார்களுக்கே கிளட்ச் செய்து கொடுக்கும் நிறுவனங்களின் பொருளாகக் கேளுங்கள். கார்க் கம்பெனியின் பெட்டியில் வருவதும் பல சமயம் இவர்கள் செய்ததுதான், பெட்டியின் பெயருக்குக் கூடுதல் விலை.

பில் திடீரென்று இரண்டு மடங்காகும் இடம் ஒன்று உண்டு, அது டூயல் மாஸ் ஃப்ளைவீல். பல ஐரோப்பிய கார்களிலும் டீசல் வண்டிகளிலும் ஃப்ளைவீல் ஒற்றை இரும்புத் துண்டாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஸ்பிரிங் வைத்து வரும், எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்க. அந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டால் எஞ்சினை அணைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். சாதாரண ஃப்ளைவீலை வழித்து எடுப்பதுபோல இதைப் பொதுவாக வழித்துச் சரிசெய்ய முடியாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும், அதன் விலை கிளட்ச் செட்டைவிட அதிகமாக இருக்கும். விலை கேட்கும்போதே "என் வண்டியில் இருப்பது டூயல் மாஸா, சாதாரண ஃப்ளைவீலா, திறந்து பார்த்தபிறகு அதுவும் கெட்டிருந்தால் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு மெக்கானிக் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் பல சமயம் காரணம் இதுதான், ஒருவர் அதைச் சேர்த்திருப்பார், மற்றவர் சேர்த்திருக்க மாட்டார்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் பலர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். கூலி அங்கே குறைவு, மறுக்க முடியாது. எனக்குத் தெரிந்து நல்ல வேலை செய்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கிளட்ச் வேலையில் ஏதாவது கோளாறு என்றால் அது முதல் வாரத்தில்தான் தெரியும், அப்போது மறுபடி பாலம் தாண்டி விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். தினமும் வண்டி ஓடினால்தான் வருமானம் என்கிறவர்களுக்கு அது சரிப்படாது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு கணக்கு சிஓஇ, வண்டியைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ். வண்டிக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முழுதாக மாற்றிவிடலாம். ஐந்து மாதம்தான் இருக்கிறது, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை என்றால்? வண்டியை அழிக்கக் கொடுக்கும்போது உள்ளே புது கிளட்ச் இருக்கிறது என்று யாரும் கூடுதலாகத் தரப்போவதில்லை. லேசாக வழுக்க ஆரம்பித்த கிளட்சை மென்மையாக ஓட்டிச் சில மாதம் தள்ளியவர்கள் உண்டு. ஆனால் விரைவுச்சாலையின் நடுவிலோ சுரங்கத்திலோ வண்டி நகராமல் நின்றுவிட்டால் அது உங்கள் உயிரோடும் பின்னால் வருபவர் உயிரோடும் சம்பந்தப்பட்டது, அதனால் சமதளத்திலேயே வழுக்குகிற நிலைக்கு வந்துவிட்டால் தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிளேட் முழுதாகத் தேய்ந்து ரிவெட் ஃப்ளைவீலைக் கீற ஆரம்பித்தால் செலவும் ஏறும். சிஓஇயை ஐந்து அல்லது பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், முடிவெடுப்பதற்கு முன்பே கிளட்சைச் சோதித்து அந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனின் வேனுக்கு இன்னும் நான்கு வருடத்துக்கு மேல் இருக்கிறது. சாதாரண ஃப்ளைவீல்தான், வழித்து எடுத்ததில் ரிவெட் கீறல் போய்விட்டது. மறுநாள் மாலை வண்டி கிடைத்தது. பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டோம், மாற்றினார்களா இல்லையா என்ற சந்தேகமே வராது பாருங்கள். புது கிளட்ச் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் அதிகம் ஏற்றாமல், உறுமாமல் ஓட்டச் சொன்னார் மெக்கானிக், இரண்டு முகமும் ஒன்றோடொன்று பழகிப் படிய வேண்டும்.

அன்று இரவு அவனோடு நானும் வேனில் போனேன். அவன் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு கார் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது, ஏற்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அவன் இடது கால் பழக்கத்தில் பாதிவரை மேலே வந்தது. அப்புறம் நின்று, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சை முழுதாக மிதித்து, கியரை நியூட்ரலுக்கு எடுத்தான்.